ஒன்றரை சென்டிமீட்டர் ஓதம்

கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். இதற்குத்தான் ஓதம் என்று பெயர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அந்த ஏற்றமும் வற்றமும் கூடுதலாக இருக்கும். இது கடலோரத்தில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும், பள்ளிப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. பாடப் புத்தகத்தில் இல்லாத வேறொரு ஓதம் இருக்கிறது. ஒரு முறை ஏறி வற்ற அதற்குப் பதின்மூன்று நாளும் பதினாறு மணி நேரமும் பிடிக்கும். நிலநடுக்கோட்டுப் பகுதியில் சராசரி மட்டத்துக்கு மேலே அது ஏறுவது ஏறக்குறைய 1.5 செ.மீ. அவ்வளவே கீழே இறங்கும். கரையில் எத்தனை நாள் உட்கார்ந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, ஒரு சிற்றலையே அதை மறைத்துவிடும். ஆனால் இந்த அற்ப ஓதத்தைக் கணக்கில் சரியாகப் பிடிக்க இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பதினான்கு நாள் என்றதும், "அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இடைப்பட்ட காலம்தானே" என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இல்லை. பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்வது எளிது: அமாவாசை ஓதம் திதியைச் சார்ந்தது, நாம் பேசும் மெதுவான ஓதம் நட்சத்திரத்தைச் சார்ந்தது.

திதி என்பது சூரியனிடமிருந்து நிலா எவ்வளவு விலகியிருக்கிறது என்ற கணக்கு. ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு 29.53 நாள், அதில் பாதி 14.77 நாள். அந்த இடைவெளியில் நடப்பது தினசரி ஓதத்தின் வீச்சு கூடிக் குறைவது மட்டுமே. ஏற்றம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு வற்றமும் கூடும், கடலின் சராசரி மட்டம் அப்படியே இருக்கும். நட்சத்திரக் கணக்கு வேறு. நிலா 27 நட்சத்திரங்களையும் சுற்றிவர 27.32 நாள் ஆகிறது. அந்தச் சுற்றில் அது வானத்தில் வடக்கேயும் தெற்கேயும் போய்வருகிறது. சுமாராக மிருகசீரிடம், திருவாதிரை பக்கம் இருக்கும்போது வடகோடி, மூலத்தின் பக்கம் இருக்கும்போது தென்கோடி. மார்கழித் திருவாதிரையன்று நடுநிசியில் நிலா நம் உச்சந்தலைக்கும் வடக்கே தள்ளி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்தச் சுற்றில் பாதிதான் 13.66 நாள்.

ஏன் பாதி? பூமி தன்னைத்தானே சுற்றுவதால், ஒரு நாள் முழுவதையும் சராசரி எடுத்துப் பார்த்தால் நிலா ஒரு புள்ளியாக இருக்காது. பூமியைச் சுற்றிப் போட்ட ஒரு வளையம் போல ஆகிவிடும். நிலா நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருக்கும் நாளில் வளையமும் அங்கே இருக்கும், நீர் நடுக்கோட்டை நோக்கிச் சற்றுக் கூடும். நிலா வடக்கே ஏறியதும் வளையமும் ஏறும், நடுக்கோட்டில் கூடிய நீர் துருவங்களின் பக்கம் கொஞ்சம் திரும்பிப் போகும். தெற்கே இறங்கினாலும் நடப்பது அதுவேதான், ஏனென்றால் இழுவையின் இந்தப் பகுதிக்கு வடக்கு தெற்கு என்ற பேதம் கிடையாது. ஆகவே ஒரு நட்சத்திரச் சுற்றில் இந்த ஊசல் இரண்டு முறை ஆடுகிறது. வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 35 பாகை அட்சரேகையில் மட்டம் அசையாது. அதற்கு அப்பால் துருவப் பக்கம், நடுக்கோட்டில் ஏறும்போது இறங்கும், இறங்கும்போது ஏறும். துருவத்தில் அளவு இரட்டிப்பு, ஏறக்குறைய 3 செ.மீ.

ஓதவியலில் இதற்கு எம்.எஃப். என்று பெயர். உடன்பிறப்புகளும் உண்டு. நிலா பூமிக்கு அருகே வந்து விலகும் 27.55 நாள் சுற்றால் வருவது எம்.எம்., நடுக்கோட்டில் 1 செ.மீ.க்கும் குறைவு. சூரியன் வடக்கும் தெற்கும் போய்வருவதால் அரையாண்டு ஓதம் ஒன்று. ஆண்டு ஓதமும் இருக்கிறது, ஆனால் அதை வானியல் கணக்கில் தேடுவது வீண்: பருவக்காற்று, கடல்நீர் சூடாகி விரிவது, ஆற்று வெள்ளம் ஆகியவை அதைப் பல மடங்கு விழுங்கிவிடுகின்றன. கடைசியில் 18.6 ஆண்டு ஓதம். நிலாவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள்தான் ராகுவும் கேதுவும். அவை ராசிச் சக்கரத்தைப் பின்னோக்கி ஒரு முறை சுற்ற 18.6 ஆண்டு ஆகும். ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை ராகு கேது பெயர்ச்சி வருவது இந்தக் கணக்கால்தான். அதற்கேற்ப நிலா வடக்கே தெற்கே போகும் எல்லை 18 பாகைக்கும் 28 பாகைக்கும் இடையில் மாறிக்கொண்டே இருக்கிறது. 2025 வாக்கில் அது உச்சத்தில் இருந்தது. பெயர்ச்சி நம் வீட்டில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது, கடலில் நடுக்கோட்டருகே ஏறக்குறைய 6 மி.மீ. செய்யும்.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி ஒரு பக்கம் மெதுவாகத் தூக்குங்கள். தண்ணீர் தளும்பாமல் சாய்வுக்கேற்ப இடம் மாறும், மட்டம் எப்போதும் மட்டமாகவே இருக்கும். விருட்டென்று தூக்கினால் தளும்பும், எதிர்க்கரையில் மோதித் திரும்பும். தினசரி ஓதங்கள் இரண்டாவது வகை. 4,000 மீட்டர் ஆழக் கடலில் இத்தகைய நீள அலை மணிக்கு 700 கி.மீ. வேகத்தில் போகும், கேட்பதற்கு வேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் பசிபிக்கின் அகலம் 15,000 கி.மீ., அதைக் கடக்க ஏறக்குறைய 21 மணி நேரம் வேண்டும். நிலாவோ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை இழுவையைத் திருப்பிப் போடுகிறது. கடலால் ஈடுகொடுக்க முடிவதில்லை. தளும்புகிறது, சில இடங்களில் அதிர்ந்து பெருகுகிறது. அதனால்தான் தினசரி ஓதத்தைக் கணக்கிட முழுக் கடலையும் கணினிக்குள் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

எம்.எஃப். ஓதத்துக்கு இருப்பது 12 மணி 25 நிமிடமல்ல, கிட்டத்தட்ட இரண்டு வாரம். தாராளமாகப் போதும். அப்படியானால் கடல் நிலாவின் இழுவைக்கு ஏற்ற மட்டத்தில் ஒவ்வொரு கணமும் அடங்கி நிற்க வேண்டும். இதற்குச் சமநிலை ஓதம் என்று பெயர். கணினி வேண்டாம், ஒரு வரிச் சூத்திரம் போதும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓதச் சமன்பாடுகளை முதலில் எழுதிய பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸும் இதையே சொன்னார்: இவ்வளவு மெதுவான ஓதங்களை உராய்வே சமநிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

இந்த நம்பிக்கையை வைத்து ஒரு அழகான காரியம் நடந்தது. நிலா இழுப்பது கடலை மட்டுமல்ல, பூமியின் திடப் பகுதியையும்தான். பூமி இளகிய மாவுருண்டை போல இருந்தால் தரையும் கடலோடு சேர்ந்தே ஏறும், கரையில் நட்ட அளவுகோலில் ஓதமே தெரியாது. பூமி கொஞ்சமும் வளையாது என்றால் சூத்திரம் சொல்லும் முழு ஓதமும் தெரியும். எனவே, மெதுவான ஓதத்தை அளந்து சூத்திரத்தோடு ஒப்பிட்டால் பூமி எவ்வளவு கெட்டி என்று தெரிந்துவிடும். இது இயற்பியலாளர் கெல்வின் பிரபுவின் யோசனை. கணக்கைப் போட்டவர் ஜார்ஜ் டார்வின், பரிணாமக் கொள்கை சொன்ன சார்லஸ் டார்வினின் மகன். இங்கிலாந்து, பிரான்ஸ், இந்தியா ஆகிய நாடுகளின் 14 துறைமுகங்களிலிருந்து மொத்தம் 33 ஆண்டுப் பதிவுகளை எடுத்துக்கொண்டார். இந்தியப் பதிவுகள் அவருக்குப் பெரிய பலம். இந்திய நில அளவைத் துறை, பெய்ர்ட் என்ற அதிகாரியின் மேற்பார்வையில், 1870களிலிருந்தே கடலோரம் நெடுக ஓதமானிகளை நிறுவத் தொடங்கியிருந்தது. பிற்பாடு பாம்பனிலும் சென்னையிலும்கூட அவை ஓடின. 1880களின் தொடக்கத்தில் டார்வினுக்குக் கிடைத்த விடை: சூத்திரம் சொல்வதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஓதம்தான் தெரிகிறது. பூமி மொத்தத்தில் எஃகு அளவுக்குக் கெட்டியானது. இன்று நிலநடுக்க அலைகளை வைத்துக் கணக்கிட்டால் அந்தப் பங்கு 0.69 என்று வருகிறது. மிதவையும் பேனாவும் காகித உருளையுமாக ஓடிய கருவிகள் கொடுத்த விடை அது!

ஆனால் 1886இல் டார்வினே தன் காலடி மண்ணைத் தோண்டினார். லாப்லாஸ் சொன்ன உராய்வு, இரண்டு வாரத்துக்குள் கடலை அடக்கப் போதாது என்று அவருக்குப் பட்டது. உராய்வை விட்டுவிட்டு, உலகம் முழுவதும் கடல் சூழ்ந்த ஒரு பூமிக்குச் சமன்பாடுகளைத் தீர்த்துப் பார்த்தபோது, மெதுவான ஓதம் சமநிலைக்கு வரவே இல்லை. இன்னும் மெதுவாக இழுத்தாலும் வருவதில்லை. தாம்பாள உவமை எங்கே உடைந்தது?

தாம்பாளம் சுழலவில்லை, பூமி சுழல்கிறது. சுழலும் பூமியில் ஓடும் எதுவும் வடக்கு அரைக்கோளத்தில் வலப்பக்கமும் தெற்கில் இடப்பக்கமும் ஒதுங்கும் (கோரியாலிஸ் விளைவு என்பார்கள்). ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குதான் இது. 5,000 கி.மீ. அகலத்துக்குக் கடல் மட்டம் இரண்டு வாரச் சுற்றில் 1.5 செ.மீ. ஆட வேண்டும் என்றால், 4,000 மீட்டர் ஆழமுள்ள நீர் எவ்வளவு வேகமாக நகர வேண்டும்? நொடிக்கு 0.1 மி.மீ. போதும். அரைச் சுற்றில் நீர் மொத்தமாக நகர்வது 40 மீட்டர் தூரம், நத்தைகூட ஒரு நாளில் தாண்டிவிடும். இந்த வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் தேவைப்படும் மட்டச் சாய்வு, 5,000 கி.மீ.க்கும் சேர்த்து 0.3 மி.மீ.தான். பூமி சுழலாமல் இருந்தால் விலகல் அவ்வளவே. லாப்லாஸ் சொன்னது சரி, வீட்டுக்குப் போகலாம். ஆனால் அதே 0.1 மி.மீ. வேகத்தின் மேல் கோரியாலிஸ் விசை செலுத்தும் தள்ளுதலுக்கு ஈடுகட்ட, நடு அட்சரேகையில் 5 மி.மீ. சாய்வு வேண்டும். ஓதமே 15 மி.மீ., அதில் 5 மி.மீ.யைச் சின்ன விலகல் என்று ஒதுக்க முடியாது. மெதுவாக இழுக்க இழுக்க முதல் வகைச் சாய்வு காணாமல் போகும். இரண்டாவது அவ்வளவு எளிதில் விடாது, ஏனென்றால் சுழலும் பூமியில் நீர் பள்ளத்தை நோக்கி நேரே பாய்வதில்லை, மேட்டைச் சுற்றி வளைந்து ஓடிக்கொண்டே அந்த மேட்டைத் தாங்கி நிற்கும்.

அப்படியானால் டார்வினின் மூன்றில் இரண்டு பங்கு எப்படிச் சரியாக வந்தது? கண்டங்கள் காப்பாற்றின. 1903இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு எழுதிய ஒரு சிறு குறிப்பில் இதைக் காட்டினார். டார்வினின் கற்பனைக் கடலில் நீர் கிழக்கு மேற்காக பூமியைச் சுற்றித் தடையின்றி ஓட முடிந்தது, சமநிலையைக் கெடுத்தது அந்த ஓட்டம்தான். வடக்கு தெற்காக ஒரு சுவர் எழுப்பினால் ஓட்டம் நின்றுவிடும், மட்டம் கிட்டத்தட்ட சமநிலைக்கு வந்துவிடும். அமெரிக்கக் கண்டங்களும் ஆப்பிரிக்காவும் அப்படிப்பட்ட சுவர்கள்தானே. ஆனால் தென் பெருங்கடலில், அண்டார்டிகாவைச் சுற்றி, சுவரே கிடையாது. ஆர்க்டிக் கிட்டத்தட்ட மூடிய கிண்ணம். எனவே "சமநிலையா, இல்லையா" என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது, இடத்துக்கு இடம் மாறும்.

இதற்கு மேல் ஒரு சிக்கல் ராஸ்பி அலைகள். பூமியின் சுழற்சியால் வரும் கோரியாலிஸ் விளைவு அட்சரேகைக்கு அட்சரேகை மாறுபடுவதால் கடலில் பிறக்கும் மெதுவான, பெரிய, முகடுகள் மேற்கு நோக்கியே நகரும் அலைகள் இவை. சில நாள் முதல் சில வாரம் வரையான ஆட்டக் காலம் இவற்றுக்குப் பழக்கமானது, எம்.எஃப். அதற்குள்தான் விழுகிறது. 1967இல் அமெரிக்கக் கடலியலாளர் கார்ல் வுன்ஷ், பசிபிக் தீவுகளின் பதிவுகளில் தெரிந்த விலகலை இந்த அலைகளை வைத்து விளக்க முனைந்தார். பிறகு இருபத்தைந்து ஆண்டு இதைச் சுற்றியே வாதம்: விலகலுக்குக் காரணம் ராஸ்பி அலைகளா, அல்லது சமநிலைக்கு வந்துகொண்டே சற்றுப் பிந்தும் சாதாரண நீள அலைகளா?

வாதத்தைத் தீர்க்க மாதிரி வேண்டும். மாதிரி என்றால் என்ன? கடற்பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆழம் தெரிய வேண்டும். பிறகு இரண்டு விதிகள். ஒன்று கணக்குப்பிள்ளை விதி: ஒரு கட்டத்துக்குள் வந்த நீருக்கும் போன நீருக்கும் உள்ள வித்தியாசம்தான் அங்கே மட்டம் ஏறுவதும் இறங்குவதும். மற்றது விசை விதி: மட்டச் சாய்வு, கோரியாலிஸ், நிலா சூரியன் இழுவை, உராய்வு எல்லாம் சேர்ந்து நீரின் வேகத்தை மாற்றும். எழுதி முடிக்க அரைப் பக்கம் போதும். கரையோர விளிம்புகளையும் கடலடி மலைத்தொடர்களையும் சரியாக உள்ளே கொண்டுவருவதில்தான் ஆண்டுகள் கரைகின்றன, ராஸ்பி அலைகள் அடிக்கடல் மேடு பள்ளங்களைப் பிடித்துக்கொண்டு வளைவதால் மெதுவான ஓதத்துக்கு அது இன்னும் முக்கியம்.

தொடக்கநிலைக்காரர்கள் தவறவிடும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது, நீரின் சொந்தப் பாரம். ஓரிடத்தில் கூடிய நீர் கீழே உள்ள கடல் தரையை அழுத்தி இறக்கும், கூடவே தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள நீரையும் இழுக்கும். அதாவது வங்காள விரிகுடாவின் ஒரு கட்டத்தில் மட்டத்தைக் கண்டுபிடிக்க அட்லாண்டிக்கின் மட்டமும் தெரிந்திருக்க வேண்டும், அதைக் கண்டுபிடிக்க இது தெரிய வேண்டும். யூகித்து, திருத்தி, மறுபடி யூகித்துத்தான் விடைக்கு வர முடியும். இரண்டாவது, உராய்வு. அடித்தரை உராய்வு நீரின் மொத்த வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மெதுவான ஓதத்தின் சொந்த வேகம் நொடிக்கு ஒரு மி.மீ.கூட இல்லை, தனியாக விட்டால் உராய்வே இருக்காது. ஆனால் ஆழமற்ற கடல்களில் தினசரி ஓதம் பல நூறு மடங்கு வேகத்தில் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஓட்டத்தில் மாட்டிக்கொள்வதால்தான் மெதுவான ஓதத்துக்கும் பிரேக் விழுகிறது. மெதுவான ஓதத்தை மட்டும் தனியாக ஓட்டும் மாதிரிகளில் இந்த பிரேக்கை வேண்டுமென்றே உள்ளே எழுதிச் சேர்க்க வேண்டும்.

மாதிரி தயார். சரிபார்க்க அளவுகள் வேண்டுமே? வளிமண்டல அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தாலே கடல் மட்டம் 1 செ.மீ. ஏறும். ஒரு சாதாரணக் காற்றழுத்தத் தாழ்வு நிலை வந்தால் நம் 1.5 செ.மீ. எங்கே போனது என்று தேட வேண்டியதுதான். வானிலைக்கு நேரம் தவறாமை கிடையாது, நிலாவுக்கு உண்டு. அந்த ஒன்றை நம்பித்தான் பல ஆண்டுப் பதிவை 13.66 நாள் சட்டத்தில் மடித்து மடித்துச் சராசரி எடுக்கிறார்கள். வானிலை தன்னைத்தானே அடித்துக்கொண்டு தேயும், ஓதம் நிற்கும். ஆனால் ஓதமானிகள் கரையிலும் தீவிலும்தான் இருக்கின்றன, நடுக்கடல் வெறுமை.

1992 ஆகஸ்டில் ஏவப்பட்ட அமெரிக்க–பிரெஞ்சுச் செயற்கைக்கோள் டோபெக்ஸ்/பொசைடன் அந்த வெறுமையை நிரப்பியது. 1,336 கி.மீ. உயரத்திலிருந்து ரேடார் துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை வைத்துக் கடல் மட்டத்தை அளந்தது. ஒரே இடத்தின் மேல் அது திரும்ப வர 9.92 நாள். இங்கே ஒரு வேடிக்கை: பத்து நாளைக்கு ஒருமுறை மட்டுமே எட்டிப் பார்த்தால் 13.66 நாள் ஆட்டம் 36 நாள் ஆட்டம் போலத் தெரியும். சினிமாவில் ஓடும் வண்டியின் சக்கரம் மெதுவாகப் பின்னோக்கிச் சுழல்வது போலத் தெரிகிறதே, அதே மாயம். மாயம் என்று தெரிந்துவிட்டால் பயமில்லை, 36 நாளில் தேடி 13.66 நாளாகப் படித்துக்கொள்ளலாம்.

செயற்கைக்கோள் அளவுகளில் இரைச்சல் உண்டு, மாதிரியில் பிழை உண்டு. இரண்டையும் அவற்றின் நம்பகத்தன்மைக்கேற்ப எடைபோட்டுக் கலந்து, இயற்பியல் விதியை அதிகம் மீறாத ஒரு விடையைத் தேடுவதுதான் இன்றைய முறை. ஓத ஆய்வாளர்கள் கேரி எக்பர்ட், ரிச்சர்ட் ரே இருவரும் 2003இல் எம்.எஃப்., எம்.எம். இரண்டுக்கும் இதைச் செய்தார்கள். உலக அளவில் பார்த்தால் எம்.எஃப். சமநிலையை ஒட்டியே இருக்கிறது, ஆனால் பசிபிக்கில் தெளிவாகப் பின்தங்குகிறது. விலகலின் பெரும்பகுதி பெரிய அளவிலான நீள அலைத் தன்மை கொண்டது, ராஸ்பி அலைகள் அதன் மேல் சின்னச் சின்ன நெளிவுகளாக இருக்கின்றன. இரண்டு தரப்பும் ஓரளவு சரி, ஆனால் என் கணக்கில் நீள அலைக்காரர்களுக்கே கூடுதல் மதிப்பெண். எம்.எம். இரண்டு மடங்கு மெதுவானது, எதிர்பார்த்தபடியே சமநிலைக்கு இன்னும் அருகில் இருக்கிறது.

இவ்வளவும் யாருக்கு? செயற்கைக்கோளால் கடல் மட்டம் அளப்பவர்களுக்கு: இந்த ஓதத்தைக் கழிக்காவிட்டால் 36 நாளுக்கு ஒருமுறை கடலில் ஏதோ நீரோட்டம் மாறுவது போன்ற பொய்த் தோற்றம் வரும். 2002 முதல் ஈர்ப்பை அளந்த கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்களுக்கு: பனிப்பாறை உருகுவதையும் நிலத்தடி நீர் குறைவதையும் எடைபோடும்போது இடம் மாறும் கடல்நீரின் எடையைக் கழிக்க வேண்டும். பூமியின் சுழற்சியைக் கண்காணிப்பவர்களுக்கு: நீரும் திடப் பூமியும் நடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் இடையில் ஆடுவதால், கையை விரித்து மடக்கும் நடனக்காரரைப் போல பூமியின் வேகம் மாறும். 13.66 நாள் சுற்றில் ஒரு நாளின் நீளம் ஏறக்குறைய 0.36 மில்லி நொடி கூடிக் குறைகிறது. பெரும்பங்கு திடப் பூமியுடையது, மிச்சத்தில் கடலின் கை இருக்கிறது. அந்தப் பங்கைச் சரியாகப் பிரிக்க நல்ல ஓத மாதிரி வேண்டும்.

18.6 ஆண்டு ஓதம் மட்டும் இன்னும் பிடி கொடுக்கவில்லை. புவி வெப்பத்தால் கடல் ஆண்டுக்கு சில மி.மீ. ஏறிக்கொண்டிருக்கும்போது, ஏறக்குறைய ஒன்பது ஆண்டு ஏறி அடுத்த ஒன்பதில் இறங்கும் 6 மி.மீ.யை அதிலிருந்து பிரித்தெடுப்பது சுலபமல்ல. தொடர்ச்சியான செயற்கைக்கோள் பதிவு 1992இல்தான் தொடங்கியது, அதில் ராகு கேதுவின் இரண்டாவது சுற்று 2029 இறுதியில்தான் முடியும். அதுவரை அந்த ஓதத்துக்கு மாதிரிகளில் பெரும்பாலும் போடப்படுவது லாப்லாஸின் அந்தப் பழைய ஒரு வரிச் சூத்திரம்தான்.